தட்டினால் மூடும் துப்பாக்கி

போன வருஷம் பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நேரம். ஒரகடத்தில் கார் விளக்கு செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு, வல்லம் வடகால் பக்கம் வாடகை ரூமில் இருந்தேன். எனக்கு ஊர் கோவில்பட்டிக்குப் பக்கம். அப்போது தொடர்ந்து நைட் ஷிப்ட். நானே கேட்டு வாங்கியதுதான். காலையில் கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும் இரண்டு இட்லியை வாயில் போட்டுக்கொண்டு படுத்தால், பாயோடு தூக்கி ஏரியில் போட்டாலும் எனக்குத் தெரியாது. கூட இருந்த பொண்ணுக்குப் பகல் ஷிப்ட். அதனால் பகல் முழுக்க ரூம் என் ராஜ்ஜியம்.

அது தனி ரூம் இல்லை, வீட்டுக்கார அண்ணன் வீட்டின் ஒரு பாதிதான். வாடகைக்கு விடுவதற்காக நடுவில் இருந்த வாசலில் ஒரு பிளைவுட் பலகையை அடித்து மூடியிருந்தார்கள். அங்கே சீரியல் ஓடினால் இங்கே நான் அழலாம். இங்கே நான் தும்மினால் அங்கிருந்து அவர் மனைவி, அந்த அக்கா, "இன்னாமா, ஜலுப்பு புடிச்சிக்கிச்சா?" என்று கேட்பார். அந்தப் பலகையை ஒட்டித்தான் என் கட்டில் கிடந்தது.

அண்ணன் ராணுவத்தில் இருந்து வந்தவர். ஏடிஎம்முக்குப் பணம் கொண்டுபோகும் வண்டியில் காவலுக்குப் போவார். சொந்த லைசென்ஸ், சொந்தத் துப்பாக்கி. இடுப்பில் வைத்தால் வெளியே தெரியாத அளவுக்குச் சின்னது, யாரோ வைத்திருந்ததைப் பழசாக வாங்கியது. மதியம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குண்டுகளை வெளியே எடுத்துவிட்டு பீரோவில் வைத்துப் பூட்டுவார். அதற்காகத் துப்பாக்கியின் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து விடுவார். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளி 'கிளக்' என்று மூடும். அரைத்தூக்கத்தில் எனக்கு அது கேட்கும். அண்ணன் வந்தாச்சு, இன்னும் மூணு மணி நேரம் தூங்கலாம் என்று புரண்டு படுப்பேன்.

பொங்கல் தாண்டியதும் சத்தம் மாறியது. கிளக்குக்குப் பின்னால் ஒரு 'டப்' சேர்ந்துகொண்டது. ஒருநாள் தண்ணீர் பிடிக்கப் போனபோது அண்ணனிடம் சும்மா கேட்டேன்.

"அதுவாமா? ஸ்பிரிங் தளந்து கீது. சின்னத் துப்பாக்கிக்கு ஸ்பிரிங்கும் சின்னதுதானே, சீக்கிரமா சோந்துபூடும். மயிரிழை மூடாம நின்னுக்கும். பின்னாடி ஒரு தட்டு தட்னா செரியாப்பூடும்."

"மாத்தக் கூடாதாண்ணே?"

"மாத்தணும்தான். பாத்துக்கலாம். தட்னா மூடுதே!"

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். எங்கள் ரூம் கதவையே இடுப்பால் ஒரு இடி இடித்துத்தான் பூட்டுவோம். துப்பாக்கிக்கு ஒரு தட்டு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

அன்றைக்கு மதியம் கரண்ட் போய்விட்டது. ஃபேன் இல்லாமல் கட்டிலில் கிடக்க முடியவில்லை. தரையில் தண்ணீரைத் தெளித்துத் துடைத்துவிட்டு, தலைக்குத் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு கீழே படுத்தேன். தலையணையை எடுக்கக்கூடச் சோம்பல். வழக்கம்போல 'கிளக்' கேட்டது. அப்புறம் 'டப்'.

அதற்கப்புறம் கேட்டதைச் சத்தம் என்று சொல்ல முடியாது. காதுக்குள் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறந்தால் ரூம் முழுக்கப் பஞ்சு. மூக்கில், வாயில், தலைமுடியில் இலவம்பஞ்சு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். பிளைவுட்டில் ஒரு ஓட்டை. அதற்கு நேராக என் தலையணையில் ஒரு கிழிசல். எதிர்ச் சுவரில் காரை பெயர்ந்திருந்தது. மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குண்டு என் தலையணை வழியாகப் போயிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

அந்தப் பக்கம் அக்கா அலறினார். "அய்யய்யோ, அந்தப் பொண்ணு தூங்கிகினு இருக்குமே!" வெளியே ஓடிவருகிற காலடி. கதவைத் தட்டோ தட்டு என்று தட்டினார்கள். தவழ்ந்துபோய்த் தாழ்ப்பாளை எடுத்தேன். அண்ணன் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ பார்த்த மனுஷன், வாய் கோணிக்கொண்டு அழுதார்.

"ஆள் இல்லாத பக்கமா பாத்துத்தாம்மா எப்பவும் புடிப்பேன்" என்றார்.

குண்டு சத்தத்தைவிட அந்த வார்த்தைதான் என்னைத் தூக்கிப் போட்டது. இடப்பக்கம் சமையல்கட்டு, வலப்பக்கம் பிள்ளைகள் படிக்கிற இடம், எதிரே தெரு. அவர் யோசித்துத்தான் இந்தப் பலகைப் பக்கம் பிடித்திருக்கிறார். அவர் மனசில் அது வெறும் சுவர்தான். ஆள் இல்லாத அந்தப் பக்கத்தில்தான் நான் தினமும் தலைவைத்துப் படுத்திருந்தேன்.

நடந்ததை அவரே சொன்னார். போன் பேசிக்கொண்டே செய்ததில் வரிசை மாறிவிட்டது. முதலில் குண்டு அடுக்கியிருக்கும் பெட்டியைக் கழற்ற வேண்டும், பிறகுதான் மேல்பாகத்தை இழுக்க வேண்டும். அவர் முதலில் இழுத்துவிட்டார். ஒரு குண்டு வெளியே விழுந்தது, பெட்டியிலிருந்து அடுத்தது உள்ளே ஏறிக்கொண்டது. உள்ளே எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். முன்பெல்லாம் பார்ப்பாராம். ஸ்பிரிங் தளர்ந்த பிறகு, கண் உள்ளே போகாமல், பின்னால் அந்த மயிரிழை மூடியதா என்று பார்க்கப் பழகிவிட்டது. பெட்டியைக் கழற்றினார், காலிதான் என்று உறுதி செய்ய எப்போதும்போல விசையை அழுத்தினார். சரியாக மூடாததால் அது வெடிக்கவில்லை. கொஞ்சம் நில் என்று துப்பாக்கியே சொல்லியிருக்கிறது. அவர் பழக்க தோஷத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டு மறுபடி அழுத்தினார்.

அன்றைக்கே அவராகவே ஸ்டேஷனுக்குப் போய், நடந்ததைச் சொல்லித் துப்பாக்கியை ஒப்படைத்தார். போலீஸ் வந்து பார்த்தது. என்னைக் கேட்டபோது உள்ளதைச் சொன்னேன். "ஆயுசு கெட்டிம்மா உனக்கு" என்றார் ஒருவர். அண்ணன் இப்போது துப்பாக்கி இல்லாமல் ஒரு கம்பெனி கேட்டில் காவலுக்கு நிற்கிறார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் அந்த ரூமில் ஒரு ராத்திரிகூடத் தங்க முடியவில்லை. தண்டலம் பக்கம் ஹாஸ்டலுக்கு மாறிவிட்டேன்.

கதை இதோடு முடியவில்லை. ஷிப்டை மாற்றி வாங்கிக்கொண்டு வேலைக்குப் போன முதல் நாள் காலை. என் மெஷினில் விளக்கை வைத்து மேல்மூடியை இறக்கினால், ஸ்பிரிங் கொக்கி அதைக் கவ்விக்கொள்ள வேண்டும். மூடியை இறக்கினேன், கொக்கி கவ்வவில்லை. உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினேன்.

'டப்'.

கை அப்படியே நின்றுவிட்டது. எத்தனை வாரமாக இதைத் தட்டிக்கொண்டிருக்கிறோம்? ஷிப்டு மாறும்போது, "ஒரு தட்டு தட்டணும் பாத்துக்கோ" என்று அடுத்தவளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சிவப்பு பட்டனை அழுத்தினேன். லைன் நின்றது. சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"இன்னாமா ஆச்சு?"

"ஸ்பிரிங் போயிட்டு சார். மாத்தணும்."

"இதுக்கா லைன நிறுத்துன? தட்னா மூடுதே!"

அதே வார்த்தை. எனக்கு மூக்கில் பஞ்சு ஏறுகிற மாதிரி இருந்தது. "மாத்துங்க சார், அப்பத்தான் கை வைப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஆளைக் கூப்பிட்டார். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் புது ஸ்பிரிங் போட்டுவிட்டார்கள். மூடியை இறக்கினால் தானாகவே 'கிளக்'.

எல்லோரும் என்னிடம் தலையணை ஓட்டையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்த 'டப்' சத்தத்தை மாசக்கணக்கில் தாலாட்டு மாதிரி கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறேனே என்று நினைக்கும்போதுதான் இன்றைக்கும் எனக்கு உடம்பு ஆடிப்போகிறது.