விட்டுப்போன ஒரு வரி

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு நான் டெல்லி மேலவையைத் திட்டிக்கொண்டிருந்தேன். கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், என் சாக்குக் கடையில், டிவி முன்னால் நின்றுகொண்டு.

அவை கூடிக் கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் பத்துப் பேர் நடுவில் இறங்கிக் கோஷம். தலைவர் நாற்காலியில் இருந்தவர் உட்காருங்கள், உட்காருங்கள் என்று சொல்லிப் பார்த்தார். கடைசியில் அவரே எழுந்துவிட்டார். பகல் பன்னிரண்டு மணி வரை ஒத்திவைப்பு.

பக்கத்துக் கட்டடத்துத் தாமஸ் சேட்டன் சாயா கிளாஸோடு உள்ளே வந்தார். வெலிங்டன் தீவில் துறைமுக ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். இங்கிலீஷ் தெரிந்தவர். படிப்பில்லை என்ற என் ஒரே குறையை எனக்கு நினைவூட்டுவதற்கென்றே பிறந்தவர்.

"எந்தா ராவுத்தரே, இன்னைக்கும் சபை பிரிஞ்ஞோ?"

"பிரிஞ்சிருச்சு சேட்டா. மிளகு ஏலத்துல இதைவிட மூணு மடங்கு சத்தம் இருக்கும். நான் ஒரு தடவை கனைச்சா அடங்கிரும். என்னை அந்த நாற்காலியில உட்கார வைக்கச் சொல்லுங்க."

"நாலாம் கிளாஸுக்கு அந்த நாற்காலி கிட்டாது."

"நாலாம் கிளாஸுக்கு மூணு கடை கிட்டுச்சே?"

வாராவாரம் பத்திரிகையில் என் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. உத்தமபாளையத்திலிருந்து வந்து, கிழிந்த சாக்கு தைத்து, பிறகு சாக்கு வாங்கி, பிறகு சாக்கு விற்று... இந்தத் தெருவில் என் சாக்கில் ஏறாத மிளகு இல்லை, சுக்கு இல்லை. எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு இது அலுக்கவில்லை. உங்களுக்கு அலுத்திருந்தால் இங்கிலீஷில் கடிதம் போடுங்கள். தாமஸ் சேட்டனைப் படித்துக் காட்டச் சொல்கிறேன்.

அது கிடக்கட்டும். ஒரு சாக்கு வியாபாரிக்கு மேலவை நடந்தால் என்ன, நடக்காவிட்டால் என்ன?

அங்கே என் மகள் இருக்கிறாள்.

பரீதா உறுப்பினர் இல்லை. அவையின் ஓரத்தில் கண்ணாடி அறைகள் இருக்குமாம். அதில் ஒன்றில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாராவது எழுந்து மலையாளத்தில் பேசினால், அவர் பேசப் பேச, கூடவே அதை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போவாள். டிவியில் அடியில் மெல்லிசாக மலையாளம் ஓடும். மேலே அவள் குரல்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிய வேண்டாம். பட்ஜெட் ஆகட்டும், படகுத்துறை ஆகட்டும்... என் மகள் பேசுகிறாள், அவ்வளவுதான்.

இதற்காகவே அவையின் நடைமுறை எல்லாம் கற்றுக்கொண்டேன். பதினொரு மணிக்குப் பூஜ்ய நேரம், அவசர விஷயங்களை உறுப்பினர்கள் எழுப்புகிற நேரம். ஆளுக்கு மூன்று நிமிடம். மூன்றாவது நிமிடம் முடிந்ததும் மைக் தானாக அடங்கிவிடும், வாக்கியம் பாதியில் நின்றாலும் சரி. பன்னிரண்டுக்குக் கேள்வி நேரம். சாப்பாட்டுக்குப் பிறகு மசோதா. ஊரில் மற்றவர்கள் மசோதா நிறைவேறுமா என்று பார்ப்பார்கள். நான் அதன்மேல் யாராவது மலையாளத்தில் பேசுவார்களா என்று பார்ப்பேன். மலையாளியாகப் பிறந்து அங்கே போய் இங்கிலீஷில் வெளுத்து வாங்கும் உறுப்பினர்கள்மேல் எனக்கு இருக்கிற கோபம் எதிர்க்கட்சிக்குக்கூட இருக்காது. போதாததற்கு, கண்ணாடி அறையில் இரண்டு பேர். அரை மணிக்கு ஒருவர் என்று மாற்றி மாற்றிப் பேசுவார்கள். நல்ல மலையாளம் எத்தனையோ அந்த இன்னொரு ஆள் வாயில் போய் வீணாகியிருக்கிறது.

போன் பண்ண மாட்டாளா என்று கேட்பீர்கள். பண்ணுவாள். ஞாயிற்றுக்கிழமை தவறாது. "சாப்பிட்டீங்களா அத்தா? சுகர் பார்த்தீங்களா? சரி." முடிந்தது. சின்ன வயதில் ஸ்கூலில் வாயாடி என்று பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தப்பட்ட பெண் இவள்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏம்மா, அத்தாகிட்ட இவ்வளவுதானா?"

"நாள் பூரா அடுத்தவங்க பேச்சையே பேசறேன் அத்தா. அவங்க 'நான்'னா நானும் 'நான்'னுதான் சொல்லணும். வீட்டுக்கு வந்தா என் பேச்சை எங்க வச்சேன்னே தெரியல."

போனை வைத்ததும் என் மனைவி அடுப்படியிலிருந்து சொன்னாள். "அவ பேசறதுக்கு நீங்க இடம் விட்டாத்தானே? போனை எடுத்தா உங்க மூணு கடையும் வரிசையா பேசுது."

அன்றைக்கு நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் தூங்கும்போது காதில் கிடந்தது.

போன மாதம் நம் பகுதிக்குப் பழக்கமான மேலவை உறுப்பினர் ஒருவர் பக்கத்து யூதர் தெருவான ஜூ டவுனுக்கு ஒரு திறப்பு விழாவுக்கு வந்தார். கூட்டத்தில் இடித்துப் புகுந்து அவர் கையைப் பிடித்துவிட்டேன். பிளாஸ்டிக் சாக்கு வந்து சணல் சாக்கைத் தின்கிறது, தைக்கிறவர்களுக்கு வேலை இல்லை, இதைப் பூஜ்ய நேரத்தில் பேச வேண்டும் என்றேன். பொய்க் காரணம் இல்லை. ஆனால் முழுக் காரணமும் இல்லை.

"மனு எழுதித் தாங்க" என்றார்.

"தர்றேன். ஆனா நீங்க மலையாளத்தில்தான் பேசணும்."

அவர் சிரித்தார். அதற்கு அவை அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், சொல்லி வைக்கிறேன் என்றார்.

மனுவை நான் சொல்ல, தாமஸ் சேட்டன் மலையாளத்தில் எழுதினார். இரண்டு பக்கம் ஓடியது. நடுவில் நிறுத்தினார்.

"மோள் அங்க வேலை பார்க்கற விஷயம் எழுதக்கூடாது, கேட்டோ. சபையில இருக்கற உத்தியோகஸ்தரைப் பத்தி அங்க பேசக்கூடாது. வெட்டிருவாங்க."

"அதை எழுத வேண்டாம். இப்ப நான் சொல்றதை எழுதுங்க."

சொன்னேன். பேனா நின்றது.

"ராவுத்தரே, இது சாக்கு சம்பந்தப்பட்டதாணோ?"

"எழுதுங்க சேட்டா."

எழுதினார். அதன்பிறகு அன்றைக்கு அவர் என்னைக் கிண்டல் செய்யவில்லை.

போன வாரம்தான் அந்த உறுப்பினருக்கு வாய்ப்பு வந்தது. செவ்வாய்க்கிழமை என்றார்கள். அன்று நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேனே. அவர் முறை தள்ளிப்போனது. புதன்கிழமையும் அதே கோஷம், அதே ஒத்திவைப்பு. நாட்டில் கோடிக்கணக்கான ஜனம் இருக்கிறது. அவை ஒழுங்காக நடக்க வேண்டும் என்று என் அளவுக்குத் தவித்த ஆள் ஒருத்தர் இருந்திருப்பாரா?

வியாழக்கிழமை அவை அமைதியாகக் கூடியது. மேசையில் வைக்க வேண்டிய காகிதங்களை வைத்தார்கள். பூஜ்ய நேரம் தொடங்கியது. மூன்றாவதாக ஒரு மலையாளி எழுந்தார். மேலே வந்தது ஒரு ஆண் குரல். அந்த இன்னொரு ஆள்.

மணியைப் பார்த்தேன். பதினொன்று இருபது. ஆள் மாற இன்னும் பத்து நிமிடம். நம் ஆள் சீக்கிரம் எழுந்துவிடக்கூடாதே. மேலவையில் இரண்டு நாளும் பேச்சு நடக்கட்டும் என்று வேண்டியவன், இப்போது யாராவது கொஞ்சம் கூச்சல் போடட்டும் என்று வேண்டினேன். போட்டார்கள். ஐந்து நிமிடம் போனது. அப்புறம் ஒருவர் ஹிந்தியில், ஒருவர் இங்கிலீஷில்.

பதினொன்று முப்பத்திரண்டுக்கு நம் உறுப்பினரைக் கூப்பிட்டார்கள்.

அவர் வாய் திறந்தார். மேலே குரல் வந்தது.

பரீதா.

தாமஸ் சேட்டன் கிளாஸைக் கீழே வைத்தார். கடைக்கு வந்த ஆள் ஒருத்தர் சாக்கு விலை கேட்டார். நான் திரும்பவில்லை.

உறுப்பினர் சணலைப் பற்றிச் சொன்னார். பிளாஸ்டிக்கைப் பற்றிச் சொன்னார். பிறகு, மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு சாக்கு வியாபாரி எழுதியதை அப்படியே வாசிக்கிறேன் என்றார். அடியில் ஓடிய மலையாளத்தைக் காதைத் தீட்டிக்கொண்டு பிடித்தேன். 'பதின்மூன்று வயதில் கோணி ஊசி பிடித்தேன்.' அவள் அதை இங்கிலீஷில் சொன்னாள். 'கிழிந்தது எதையும் நான் தூக்கி எறிந்ததில்லை.' அதையும் சொன்னாள். குரல் கொஞ்சம் மெதுவானது மாதிரி இருந்தது.

'என் உள்ளங்கையில் ஊசி குத்திய தழும்புகளைத் தொட்டுத் தொட்டுத்தான் என் மகள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணக் கற்றாள்.'

மேலே ஒன்றும் வரவில்லை.

டிவியில் மலையாளம் மட்டும் கேட்டது. அவ்வளவு பெரிய அவையில் அந்த வரிக்கு இங்கிலீஷே இல்லை. இரண்டு மூச்சு நேரம் இருக்கும். பிறகு அவள் குரல் வந்து, அடுத்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காகப் போனது. மூன்று நிமிடம் முடிந்தது. மைக் அடங்கியது. நாலைந்து பேர் கை தூக்கி, நாங்களும் இந்த விஷயத்தோடு சேர்கிறோம் என்றார்கள்.

"ராவுத்தரே, ஒரு வாசகம் விட்டுப் போயி" என்றார் தாமஸ் சேட்டன்.

"தெரியும்" என்றேன். இங்கிலீஷில் எனக்குப் புரிந்த ஒரே இடம் அதுதான்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள். ஒன்று ஐந்துக்கு என் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒரு நாளில்.

"அத்தா, கை எப்படி இருக்கு?"

"இருக்கும்மா."

"ஒரு வரி விட்டுட்டேன். இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை விட்டதில்லை. எனக்கே தெரியல, தொண்டை வரைக்கும் வந்துது..."

"மேலதிகாரி கேப்பாங்களா?"

"கேப்பாங்க. மெமோகூட வரலாம்."

"வரட்டும். யாருன்னு சொல்லு. நான் யாரு தெரியுமா, நான்..."

அங்கே நிறுத்தினேன். எப்படி நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. அறுபது வருஷத்தில் அந்த வார்த்தைக்குப் பிறகு நான் நிறுத்தியதே இல்லை.

"சொல்லுங்க அத்தா."

"இல்லம்மா. நீ சொல்லு."

சொன்னாள். கண்ணாடி அறையில் ஏசி குளிர் எலும்பு வரை போகும் என்றாள். உறுப்பினர் ஜோக் அடித்தால், அதை இங்கிலீஷில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அவை சிரித்து முடித்திருக்கும் என்றாள். அந்த இன்னொரு ஆள் நல்லவராம், தொண்டை கட்டினால் சுக்குத்தண்ணி கொண்டுவருவாராம். நான் அவரைத் திட்டியதை எல்லாம் மனசுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டேன். குளிர்காலத்தில் சில சாயங்காலம் ரூமுக்குப் போய் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பேன் என்றாள். அதைச் சொல்லும்போது என் மகள் குரல் மலையாளமும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. எங்கள் வீட்டுத் தமிழ்.

எப்போது வருவாய் என்று கேட்க நாக்கு நுனியில் நின்றது. கேட்கவில்லை. கூட்டத்தொடர் முடிந்தால் ஏதோ கமிட்டி இருக்கும், கமிட்டி முடிந்தால் ஏதோ பயிற்சி இருக்கும். எனக்கு இப்போது அட்டவணை தெரியும். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். இரண்டு மணிக்கு, மணி அடிச்சிட்டாங்க அத்தா என்றாள். போனை வைத்தாள். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

அவைக் குறிப்பில் மலையாளத்தில் அந்த வரி இருக்குமாம், இங்கிலீஷில் இருக்காதாம். திருத்தம் கேட்டு உறுப்பினருக்கு எழுதலாமா என்று தாமஸ் சேட்டன் பேனாவோடு வந்தார். வேண்டாம் என்றேன்.

தபால்காரியே பிரித்துப் படித்துவிட்டுத் தன்னிடம் வைத்துக்கொண்ட கடிதம் அது... விலாசமும் அவளுடையதுதான்.