‘போகாதீங்க’ பிரிவு

அந்தக் கைபேசி நிறுவனத்தின் நான்காவது மாடியில் ஒரு பிரிவு இருந்தது. பலகையில் அதற்கு நீளமான பெயர். உள்ளே வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் ‘போகாதீங்க’ பிரிவு. நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம் என்று அரசு சட்டம் கொண்டுவந்த பிறகு முளைத்தது அது. யாராவது வேறு கம்பெனிக்குப் போவதாகச் செய்தி அனுப்பினால் போதும், இங்கிருந்து ஒரு குரல் உடனே கூப்பிட்டுக் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சும்.

அந்தக் குரல்களிலேயே இனியது நம் மருமகளின் குரல். மருமகள் என்றே சொல்வோம், அவளுக்கு வந்த வம்பெல்லாம் அந்த உறவால் வந்ததுதான். பகலெல்லாம் முன்பின் தெரியாதவர்களிடம் குழைந்து குழைந்து பேசிவிட்டு வீடு வந்து சேரும்போது அவளிடம் பேச்சே மிச்சம் இருக்காது. "ம்", "சரி", "அங்க வைங்க" என்பதோடு கடையைக் கட்டிவிடுவாள். மாமியார் தொலைக்காட்சித் தொடரின் கதையைக் கண்கலங்கச் சொன்னாலும் பதில் "ம்" தான்.

அவள் கணவனுக்குக் கைபேசி நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு ஆணையத்தில் வேலை. சாப்பாட்டு மேசையில் மட்டும் அவளுக்கு நாலு வார்த்தை வரும் என்றால், அது அவனோடு மல்லுக்கட்டத்தான்.

"நாங்க மட்டும் இல்லைன்னா உங்க கம்பெனி ஜனங்களை மொட்டை அடிச்சிரும்" என்பான்.

"நீங்க ஒரு விதி போட்டு அதுக்கு முத்திரை குத்துறதுக்குள்ள நாங்க மூணு பிளான் மாத்திருவோம். போட்டிதாங்க விலையைக் குறைக்குது, உங்க முத்திரை இல்ல."

"ரெண்டு பேரும் சேர்ந்து என் போனுக்கு சிக்னல் வர வழி பண்ணுங்களேன்" என்பார் மாமியார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. அவருடைய போன் வீட்டுக்குள் வெறும் டப்பா. மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் பேச்சு கேட்கும். தங்கையோடு பேசும் குடும்ப ரகசியமெல்லாம் அங்கே கத்திக் கத்திப் பேசியே தெருவுக்குத் தெரிந்துபோனது. மகனிடம் சொன்னால், "முறைப்படி மனு வரணும்மா" என்றான். மருமகளிடம் சொன்னால் "ம்". கடைசியில் அவர் கீழ்வீட்டுத் தையல்காரரைப் பிடித்து, வேறு கம்பெனிக்குப் போவதாகச் செய்தி அனுப்பிவிட்டார். மருமகளுக்குத் தெரியக் கூடாது. அவளுடைய கம்பெனியை விட்டுப் போவது அவளை விட்டுப் போவது மாதிரி இருந்ததாம் அவருக்கு.

மறுநாள் மருமகளின் திரையில் அடுத்த அழைப்பு விழுந்தது. நம்பர் தெரியாது, பெயர் தெரியாது. கணினியே கூப்பிட்டுக் கொடுக்கும். தேன் குரலில், "வணக்கம் அம்மா, எங்களை விட்டுப் போகப் போறதாக் கேள்விப்பட்டு மனசு ரொம்பக் கஷ்டமாயிருச்சு" என்று ஆரம்பித்தாள்.

"அட, இதுக்குப் போயா கஷ்டப்படறே? யாரும்மா நீ?" என்றது மறுமுனை. பின்னால் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம்.

அந்தச் சத்தத்திலேயே மருமகளுக்குப் புரிந்துவிட்டது, பேசுவது மாமியார். அழைப்பைத் துண்டிக்க முடியாது. எல்லாம் பதிவாகும், மேற்பார்வையாளர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் தேன் ஊற்றினாள். "உங்க மகள் மாதிரி நினைச்சுக்கோங்க. என்ன குறைன்னு மனசு விட்டுச் சொல்லுங்கம்மா."

மனசு விட்டுச் சொல்லுங்கள் என்று அவரிடம் யாரும் சொல்லி ரொம்பக் காலமாகியிருந்தது. சிக்னலில் தொடங்கி, முட்டி வலிக்குப் போய், மகனைத் தொட்டு, மருமகளிடம் வந்து நின்றார்.

"மருமகளும் உங்க கம்பெனிதான். நல்லவதான், குத்தம் சொல்லக் கூடாது. ஆனா வாயில என்னத்தைப் பூட்டி வச்சிருக்காளோ! நீ எவ்வளவு பொறுமையா கேக்கறே! உன்னை மாதிரி ஒரு பொண்ணு எனக்கு மருமகளா வந்திருக்கக் கூடாதா?"

இதற்கு என்ன சொல்வது என்று பயிற்சியில் சொல்லித் தரவில்லை. "உங்கள் மேலான கருத்துக்கு நன்றி அம்மா" என்றாள் மருமகள். காது ஜிவுஜிவென்று சிவந்தது. பிறகு பிரிவின் பிரம்மாஸ்திரத்தை எடுத்தாள்: பாதிக் கட்டணம், அவருக்கு மட்டும், வெளியே சொல்லக் கூடாது.

"உனக்காகத்தான் இருக்கேன்" என்று மாமியார் தங்கிவிட்டார். மேற்பார்வையாளர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். மருமகள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டாள்.

அன்றிரவு வீட்டில் மாமியார் முகத்தில் அப்படியொரு தெளிவு. மருமகள் ஏதாவது பேச நினைத்து, எந்தக் குரலில் பேசுவது என்று தெரியாமல் "ம்" என்றாள்.

சில வாரங்களில் ஆணையம் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தது. பொதுமக்கள்தான் வருவதில்லை. ஆகவே ஆணையத்து ஊழியர்கள் தங்கள் வீட்டு ஆட்களைக் கூட்டிவந்தார்கள். குளிர்சாதன அரங்கம், டீ, பிஸ்கட் என்று சொல்லி மகன் அம்மாவை அழைத்துவந்தான். கம்பெனியும் தன் பக்கம் காலியாகத் தெரியக் கூடாதென்று ஊழியர்களை அனுப்பியது. மருமகள் கடைசி வரிசையில் போய் ஒடுங்கினாள்.

கம்பெனி மேலாளர் எழுந்து, சந்தையில் போட்டி இருக்கும்போது அரசு ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்று விளாசித் தள்ளினார். "பிடிக்காதவங்க தாராளமாப் போகலாம். நாங்க யாரையும் ரகசியச் சலுகை கொடுத்துத் தடுக்கறதே இல்லை!"

மாமியார் கை தூக்கினார். அவருக்குக் கம்பெனி மேல் கோபம் எதுவும் இல்லை, பாராட்டத்தான் நினைத்தார்.

"இவரு தெரியாமப் பேசறாரு. இவங்க கம்பெனியில தங்கமான பொண்ணு ஒருத்தி இருக்கா. நான் போறேன்னதும் துடிச்சுப்போயி எனக்கு மட்டும் பாதி விலை போட்டுக் கொடுத்தா. வெளிய சொல்லாதீங்கன்னு வேற சொன்னா, பாவம். அவளுக்குச் சம்பளம் உயர்த்திக் கொடுங்கய்யா."

அரங்கமே கொல்லென்று சிரித்தது. மேலாளருக்கு முகத்தில் ஈயாடவில்லை. மேடையில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த மகன், எழுதுவதா விடுவதா என்று பேனாவை அந்தரத்தில் பிடித்திருந்தான். ஆணையத் தலைவர், "எழுதுங்க" என்றார்.

திரும்பும் பேருந்தில் மகன் முன்னால் நின்றான், பெண்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். மருமகள் ஜன்னலைப் பார்த்தபடியே, "அத்தை, அந்தப் பொண்ணு நான்தான்" என்றாள்.

போனில் சொன்னதையெல்லாம் மாமியார் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு கேட்டார்: "அப்போ வீட்டுல ஏன்டி அப்படிப் பேச மாட்டேங்கறே?"

"அங்க சம்பளம் தர்றாங்களே."

மாமியாருக்குக் கோபம்தான் வர வேண்டியது, வந்ததென்னவோ சிரிப்பு. மூச்சு முட்டச் சிரித்தார். முன்னால் நின்ற மகன் திரும்பி, ஏதோ விபரீதம் என்று பயந்துபோய்ப் பார்த்தான்.

ஆணையத்தின் உத்தரவு வந்தது: போகிறவருக்குத் தரும் சலுகையை இருக்கிறவருக்கும் தர வேண்டும். கம்பெனி யோசித்துவிட்டு யாருக்குமே இல்லை என்று கைவிரித்தது.

"எனக்குக் கிடைச்சதையும் உன் ஆபீஸ் பிடுங்கிருச்சேடா!" என்றார் அம்மா.

"இப்ப எல்லாரும் சமம்மா" என்றான் மகன், பெருமையாகவே.

அந்தச் சமத்துவம் அதிக நாள் நிலைக்கவில்லை. புதிதாய் வந்த ஒரு சின்னக் கம்பெனி வெளிப்படையாகவே விலையைக் குறைத்தது. பெரிய கம்பெனிகளும் வேறு வழியில்லாமல் இறங்கி வந்தன. விலை குறைந்தது உத்தரவாலா, போட்டியாலா என்று கணவனும் மனைவியும் இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள்.

‘போகாதீங்க’ பிரிவைக் கலைத்துவிட்டார்கள். மருமகளைப் பழுது நீக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே தேன் தேவைப்படவில்லை. எந்த சிக்னல் கோபுரம் கெட்டது என்று கேட்டு எழுதினால் போதும். தொண்டை பிழைத்தது. மாமியார் சின்னக் கம்பெனிக்குப் போக முடிவெடுத்தபோது மருமகளே பக்கத்தில் உட்கார்ந்து செய்தி அனுப்பிக்கொடுத்தாள்.

மாலையில் இருவரும் பேசுகிறார்கள். இனிக்க இனிக்க ஒன்றுமில்லை. தொலைக்காட்சித் தொடரில் வரும் மூத்த மருமகள் செய்தது சரியா தப்பா என்று உரக்கச் சண்டைதான் போடுகிறார்கள். மகன் பஞ்சாயத்துக்கு வந்தால், இருவரும் சேர்ந்து அவனைத் துணி எடுக்க மாடிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.