மிதிக்கிற கால்

என் வீட்டுக்காரி கால் முன்னால் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுப்போகும் என்பார்கள். எங்கள் ஊர் தலைச்சோலையில் யாருக்குப் பிடித்தாலும் எங்கள் ஊட்டுக்குத்தான் வருவார்கள். குப்புறப் படுப்பார்கள். இடது காலால் மிதிப்பாள். எழுந்து போய்விடுவார்கள். காசு வாங்குவதில்லை. மற்றபடி எங்கள் ஊட்டைத் தேடி வர யாருக்கும் வேலையில்லை. அவளுக்கு அதில் பெருமை உண்டு. சொல்ல மாட்டாள்.

போன மிளகு சீசனில் எனக்கே பிடித்துக்கொண்டது. மூட்டையைத் தோளில் ஏற்றும்போது வலது பக்கம் சுருக்கென்றது. பாயில் படுத்தேன். மிதித்தாள். சுள்ளி ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டது.

"விட்டுப்போச்சுங்களா?"

"என்னமோ போச்சு."

மூச்சு இழுக்க முடியவில்லை. மறுநாள் பஸ்ஸில் ஏற்காடு போய் ஆஸ்பத்திரியில் காட்டினோம். படம் எடுத்தார்கள். விலா எலும்பு ஒன்றில் விரிசல். டாக்டரம்மா சின்ன வயசு.

"கீழ விழுந்தீங்களா ஐயா?"

"இல்லீங்க."

"யாராவது அடிச்சாங்களா?"

"மிதிச்சாங்க."

"யாரு?"

"இவதான்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார்.

"நல்லதுக்குத்தாங்க மிதிச்சா. நாந்தான் மிதிக்கச் சொன்னேன்" என்றேன். கால் முன்னால் பிறந்த கதையைச் சொல்லி நம்பவைக்க நேரமாயிற்று. பிறகு அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு என்னிடம் கேள்வி கேட்டார்.

முன்னே எலும்பு முறிந்திருக்கிறதா. ஈரத்தில் வழுக்கி மணிக்கட்டு முறிந்திருக்கிறது. முன்னைக்கு உயரம் குறைந்திருக்கிறதா? அளந்ததில்லை. பீடி? உண்டு. தண்ணி? சனிக்கிழமை மட்டும். மாத்திரை ஏதாவது? வீசிங்குக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்குவேன், பனிக்காலம் பூராவும்.

"எத்தனை வருசமா?"

"இப்ப இருக்கிற கடைக்காரரோட அப்பா காலத்துல இருந்துங்க."

அந்த மாத்திரையை வருசக்கணக்கில் தின்றால் எலும்பு மெலியுமாம். பீடியும் தண்ணியும் சேர்ந்தால் இன்னும் மெலியுமாம். நானாக நிறுத்தவும் கூடாது, நானாக வாங்கவும் கூடாது, எழுதித் தருவதைத்தான் சாப்பிட வேண்டும் என்றார்.

அவள் அப்போதுதான் வாய் திறந்தாள். "பொம்பளைங்களுக்குத்தானுங்களே எலும்பு மெலியும்னு சொல்வாங்க?"

"மாதவிடாய் நின்ன பிறகு பொம்பளைங்களுக்குச் சீக்கிரம் மெலியும். ஆம்பளைங்களுக்கு மெதுவா. வயசானா ரெண்டு பேருக்கும்தாம்மா. இவருக்குப் பலமா இருமியிருந்தாலே விரிசல் விட்டிருக்கும்."

"இருமி விடலீங்களே. நான் மிதிச்சுத்தான விட்டுச்சு."

"ஆமா" என்றார் டாக்டரம்மா.

விலாவுக்குக் கட்டு கிடையாது. தானாகக் கூடும் என்று அனுப்பிவிட்டார்கள். இருமல் வந்தால் தலையணையை விலாவில் அணைத்துக்கொண்டு இருமினேன்.

அவள் மிதிப்பதை விட்டுவிட்டாள். வந்தவர்களிடம் தனக்குக் கால் வலி என்றாள். கொஞ்ச நாளில் யாரும் வரவில்லை. உட்கார்ந்தால் இடது காலைச் சேலைக்குள் இழுத்துக்கொள்வாள்.

"விடு புள்ள, மாத்திரைதான் ஒடச்சுது" என்றேன்.

"மாத்திரைக்குக் கால் இருக்குதுங்களா?" என்றாள்.

ஒருநாள் கீழ்வரிசை ஊட்டுப் பெரியம்மா முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார். போகமாட்டேன் என்றார். என் வீட்டுக்காரி வெளியே வந்து கேட்க ஆரம்பித்தாள்.

"முன்ன எலும்பு கிலும்பு முறிஞ்சிருக்குதுங்களா?"

"முறிஞ்சா உன்னட்டயா வருவேன்?"

"மாத்திரை திங்கறீங்களா? முன்னைக்கு இப்ப ஒசரம் கொறஞ்சிருக்குதுங்களா?"

"கூன் உழுந்தவளப் பாத்து ஒசரம் கேக்கறியே கண்ணு. மிதிப்பியா மாட்டியா?"

"மாட்டேங்க. வாங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"உம் புருசன் ஒடஞ்சுட்டா ஊரே ஒடஞ்சுருமா? அந்தாளு வெறும் பீடிப் பொக."

நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். படத்தில் முறிவு ஒன்றும் இல்லை. வெறும் பிடிப்பு. ஆனால் எலும்பு நொம்ப மெலிந்திருக்கிறது, யாரும் மிதிக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லி மாத்திரை தந்தார். திரும்பி வரும்போது வளைவுக்கு வளைவு பெரியம்மா முனகினார். "ஒண்ணும் ஒடயலியாம். மிதிச்சிருக்கலாம்."

"மிதிக்காததுனாலதான் ஒடயலீங்க" என்றாள் இவள். அன்றைக்கு ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

அடுத்து வந்தவன் ஜீப் டிரைவர். வயசுப் பையன். அதே கேள்விகள் எல்லாம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். பாயை விரித்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவன் நிமிர்ந்து நடந்து வந்து ஜீப்பைக் கிளப்பினான். நான் உள்ளே போனேன். அவள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"கெட்டி எலும்புங்க" என்றாள்.

சரி என்றேன்.