எங்கள் எல்லார் வீட்டிலும் ஒரு பியானோ

பண்டாரவளையில் நடந்த செயலமர்வுக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆங்கில இலக்கியம் படிப்பிக்க வேறு ஆள் கிடையாது. சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தை எளிதாக்க ஒரு வளநூல் தயாரிக்க வேண்டும் என்பது நோக்கம். எளிதாக்குவது என்றால் இங்கே ஒரே அர்த்தம்தான். பிள்ளை யோசிக்க வேண்டிய இடத்தையெல்லாம் தேடிப் பிடித்து, அவ்விடத்தில் நாமே யோசித்து எழுதிக் கொடுத்துவிடுவது.

செயலமர்வு எல்லாச் செயலமர்வுகளையும் போலத்தான் நடந்தது. காலையில் ஒரு விளையாட்டு. நரைத்த தலைகள் எல்லாம் வட்டமாக நின்று பந்தை எறிந்து பிடித்து ஒருவரை ஒருவர் அறிமுகம் செய்துகொண்டோம். இருபது வருடமாக ஒரே பஸ்ஸில் வருகிறவர்களும் அறிமுகமானார்கள். பிறகு ரோல்ஸ், பெட்டிஸ், தேநீர். பிறகு குழு குழுவாகப் பிரிந்து பெரிய தாளில் கலர் பேனாவால் எழுதினோம். தலைப்புக்குக் கீழே கோடு போடுவதில் பாதி நேரம் போயிற்று.

எங்கள் குழுவுக்கு வந்தது ஒரு கவிதை. சாலை போடுவதற்காக இடிக்கப்படும் ஒரு வீட்டைப் பற்றியது. கடைசி வினா இதுதான்: இந்தக் கவிதை உன் சொந்த வாழ்க்கையில் எதை நினைவூட்டுகிறது? அதற்கும் ஒரு மாதிரி விடை வேண்டும் என்றார் எங்களை வழிநடத்திய ஆலோசகர். சொந்த வாழ்க்கைக்கு மாதிரி விடையா என்று யாரும் கேட்கவில்லை. நானும் அப்போது பெட்டிஸ் தின்றுகொண்டிருந்தேன்.

குழுவில் பதுளை டவுனில் வளர்ந்த ஒரு ஆசிரியை இருந்தார். நல்ல மனுஷி. தன் பிறந்த வீட்டை நினைத்து உண்மையாகவே கண் கலங்கி எழுதினார். அகன்ற வராந்தா, முற்றத்தில் ஒரு மாமரம், மாலையில் அத்தை வாசிக்கும் பியானோ, வீட்டை விற்றுவிட்டுப் போன அன்று தான் அழுத அழுகை. வாசித்து முடித்ததும் எல்லாரும் கைதட்டினோம். ஆலோசகர் உடனே அதை அறுத்துப் பங்கு பிரித்தார். வீட்டின் ஒரு பகுதிக்கு ஒரு புள்ளி, மரத்துக்கு ஒரு புள்ளி, இசைக்கு ஒரு புள்ளி, துயரத்துக்கு ஒரு புள்ளி.

எனக்குப் பொறுக்கவில்லை. “எங்க பிள்ளைங்க லயத்துல, ஒத்த அறையில இருக்கிறவங்க சார். பியானோவுக்கு எங்க போவாங்க?” என்றேன்.

“கற்பனை வளரட்டுமே டீச்சர்” என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

வளர்ந்தது. வளநூல் வந்து போட்டோகொப்பி எடுத்துக் கொடுத்த மறுநாளே என் வகுப்பில் அந்த விடையைப் பாடமாக்கும் சத்தம் கேட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. அச்சில் வந்த எதையும் கண்ணை மூடிக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடி, சத்தம் போட்டுப் பாடமாக்குவார்கள். வாய்ப்பாடு, தேவாரம், மனித உடலின் பாகங்கள், இப்போது தங்கள் சொந்த அனுபவம். பன்னிரண்டடி அறையில் ஏழு பேர் படுக்கிற பிள்ளைகள், விற்றுப்போன தங்கள் மாளிகைக்காக ஒரே குரலில் அழுதார்கள்.

“இது மாதிரிதான், இதுவே இல்ல. உங்க வீட்டப் பத்தி எழுதுங்க” என்று தொண்டை கிழியச் சொன்னேன். தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் எங்கள் பிள்ளைகளை யாரும் மிஞ்ச முடியாது. அச்சடித்த விடையை விட்டுவிட்டு டீச்சர் சொல்வதை நம்புவதற்கு அவர்கள் என்ன அசடுகளா?

ஒருத்தி மட்டும் நம்பிவிட்டாள்.

அவள் குடும்பம் மீரியபெத்தவிலிருந்து வந்தது. மண் சரிந்தபோது அவள் சின்னப் பிள்ளை. அப்பாவை அந்த மண் கொண்டுபோயிற்று. அம்மாவும் அவளும் இப்போது கட்டிக்கொடுத்த புது வீட்டில் இருக்கிறார்கள். வகுப்பில் இலக்கியத்தை ஆசைப்பட்டு எடுத்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் சித்திர வகுப்பில் இடமில்லாமல் வந்தவர்கள். ஆங்கிலத்தில் தப்புத் தப்பாக எழுதுவாள், ஆனால் எழுதுவாள்.

அந்தத் தவணையில் எங்கள் பாடசாலை அதிபர் ஒரு சட்டம் போட்டிருந்தார். தவணைப் பரீட்சையில் இலக்கியத்தில் தவறுகிறவர்கள் பாடத்தை விட்டுவிட வேண்டும். பாடசாலையின் பெறுபேறு கெடக்கூடாதாம். அவளுக்கு மற்ற வினாக்களில் தடுமாற்றம் உண்டு. பரீட்சையிலும் வரப்போகும் இந்தக் கடைசி வினாதான் அவளைக் கரைசேர்க்கும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அவளிடமும் அதைச் சொல்லியிருந்தேன்.

விடைத்தாள்களைப் பாடசாலைகளுக்குள் மாற்றித் திருத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் தாள்கள் வேறெங்கோ போய், வளநூலின் புள்ளித் திட்டப்படி திருத்தப்பட்டுத் திரும்பி வந்தன. புரட்டினேன். எல்லார் வீட்டிலும் வராந்தா, எல்லார் வீட்டிலும் மாமரம், எல்லார் வீட்டிலும் பியானோ. ஒருவனுடைய தாத்தா மத்தியானத்தில் பியானோவில் படுத்துத் தூங்கியிருந்தார். அவன் அதைக் கட்டில் வகை என்று நினைத்திருக்கிறான். அவனுக்கு முழுப் புள்ளி. தாத்தா எதில் தூங்கினால் என்ன, பியானோ வந்துவிட்டதே.

அவள் எழுதியது ஆறு வரி. எங்கள் பழைய வீடு எனக்கு ஞாபகம் இல்லை. அம்மா அதைப் பற்றிப் பேசுவதில்லை. இப்போதுள்ள வீடு நல்ல வீடு. ஆனால் பெரிய மழை பெய்தால் அம்மா என்னைச் செருப்பைப் போட்டுக்கொண்டு படுக்கச் சொல்வார். நானும் போட்டுக்கொண்டு படுப்பேன். கவிதையில் உள்ளவர் அழுகிறார், எங்கள் அம்மா மழையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் பல வருடமாக இந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறேன். ஒரு கவிதைக்கு இப்படி ஒரு பதிலை நான் வாசித்ததில்லை. பக்கத்தில் சிவப்புப் பேனாவில் ஒரு முட்டை போட்டிருந்தது. மரம் இல்லை, இசை இல்லை, துயரம் என்ற சொல்லும் இல்லை. மொத்தத்தில் இரண்டு புள்ளி குறைந்து அவள் தவறியிருந்தாள்.

தாளை எடுத்துக்கொண்டு பண்டாரவளைக்குப் போனேன். ஆலோசகர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லி, பிளேன் டீ வரவழைத்து, ஆறு வரியையும் இரண்டு தரம் வாசித்தார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

“நல்லாத்தான் இருக்கு டீச்சர். எனக்கே என்னமோ செய்யுது. ஆனா புள்ளி எதுக்குப் போடுறது? புள்ளித் திட்டத்துல செருப்பு இல்லையே.”

“திட்டத்த மாத்துங்க சார்.”

“அச்சடிச்சாச்சே” என்றார். அதற்கு மேல் தன்னால் முடியாது என்பதை மிகுந்த மரியாதையோடு சொன்னார். மறுபடி ஒரு பரீட்சை வைத்து நானே திருத்தலாம், ஆனால் அதே திட்டப்படி, அதிபரும் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கண்டக்டர் மிச்சக் காசு கொடுத்தபோது அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

அவளிடம் மறுபரீட்சை என்று மட்டும் சொன்னேன். அந்தப் பியானோ வீட்டை எழுது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதாதே என்று சொல்லவும் தைரியம் இல்லை. அவள் நூலகம் என்று பெயர் வைத்திருக்கும் மூலை அறையில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் எழுதி முடித்துத் தாளைக் கொடுத்தாள். அவள் நிற்கும்போதே கடைசி வினாவைப் பார்த்தேன்.

அகன்ற வராந்தா. மாமரம். அத்தையின் பியானோ. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. விற்றுவிட்டுப் போன அன்று மனம் உடைந்து அழுததாகவும் எழுதியிருந்தாள். முழுப் புள்ளி போடுவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

“மொத எழுதினியே, அதுதாம்மா நல்லா இருந்துச்சு” என்றேன்.

“தெரியுங்க டீச்சர்” என்றாள். “ஆனா இது எழுத லேசா இருக்கு. இந்த வீட்டுல யாரும் சாகல.”

பையை மாட்டிக்கொண்டு, போயிட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். வெளியே தூறல் போட ஆரம்பித்திருந்தது. நான் தாளின் மேலே, தேறிவிட்டாள் என்பதற்கு ‘சித்தி’ என்று எழுதி அதிபரிடம் கொண்டுபோனேன். அவர் மாமரத்தையும் பியானோவையும் சரிபார்த்துவிட்டு, பிள்ளை நல்ல முன்னேற்றம் என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார்.