பாடத்துக்கு ஆமென்

இங்கிலீஷில் ‘இஃப்’ போட்டுத் தொடங்கும் வாக்கியங்கள் மூன்று வகை. நடக்கக்கூடியது ஒன்று. நடக்காது என்று தெரிந்தே நினைத்துப் பார்ப்பது இன்னொன்று. நடந்திருக்கலாம், ஆனால் நடக்காமலே முடிந்துவிட்டது மூன்றாவது. போர்டிங்கில் இந்தப் பாடம் வந்தாலே மற்றப் பெண்கள் கொட்டாவி விடுவார்கள். எனக்கோ அதில் ஒரு பைத்தியம். நடக்காத காரியத்துக்குக்கூட ஒழுங்கு வகுத்து வைத்திருக்கிறார்களே என்று தோன்றும். எழுதச் சொன்னால் சரியாக எழுதுவேன். வாயைத் திறந்தால்தான் வம்பு. முன்பாதி ஒரு வகையிலும் பின்பாதி வேறு வகையிலும் போய் விழும்.

பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பான ஆறாவது பாரம் முடித்துத் திருச்சியிலிருந்து ஊருக்குக் கிளம்பியபோது, போர்டிங்கை நடத்தும் மதர் கூப்பிட்டுச் சொன்னார். டீச்சர் ட்ரெயினிங்கில் எனக்கு இடம் இருக்கிறது. ஆனால் ஜூன் மாதம் நேரில் உட்கார வைத்து இங்கிலீஷில் பேசிப் பார்ப்பார்கள். நீ டீச்சராக இருந்தால் இன்னது நடக்கும்போது என்ன செய்வாய் என்று கேட்பார்கள். தடுமாறாமல் முழு வாக்கியமாகப் பதில் வரவேண்டும். வராவிட்டால் அந்த இடம் வேறு பெண்ணுக்கு.

அரியலூரில் ரயிலை விட்டு இறங்கி, பெட்ரோல் கிடைக்காத சண்டைக்காலம் என்பதால் கரியில் ஓடுகிற பஸ்ஸில் பாதித் தூரமும் மாட்டு வண்டியில் மீதித் தூரமுமாக வீடு வந்து சேர்ந்தேன். எங்கள் ஊர் ஏலாக்குறிச்சிப் பக்கம். கம்பும் மிளகாயும் விளைகிற சின்ன ஊர். இங்கிலீஷ் தெரிந்த ஒரு ஜீவன் கிடையாது. மாதம் ஒருமுறை எங்கள் மாதா கோயிலில் பூசை வைக்க வரும் சாமியாருக்குத் தெரியும். அவரும் பூசை முடிந்த கையோடு அடுத்த ஊருக்கு வண்டி ஏறிவிடுவார்.

பாஷையைத் தனியாகப் பேசிப் பழகுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் வாயைத் திறந்தால் அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள்.

“யாருகிட்டடி பேசுற? செவுத்துகிட்டயா?”

“பாடம் சொல்லிப் பாக்குறம்மா.”

“மனசுக்குள்ள சொல்லு. பக்கத்து வூட்டுல கேட்டா பேய் புடிச்சிருக்குன்னு சொல்லுவாங்க.”

கொல்லைக்குப் போனால் பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்துவிடுவாள். அவளும் நானும் ஒரே வயது; அவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். “என்னாடி சொல்ற? திட்டுறியா? என்னியத்தான் திட்டுறியா?” என்று இடுப்பில் கிள்ளிச் சிரிப்பாள். படிப்பு நடக்காது.

அதனால் மத்தியான வேளையில் கோயிலுக்குப் போகத் தொடங்கினேன். ஊரே தூங்கும் நேரம். கனத்த சுவர், உள்ளே சில்லென்று இருக்கும். பெண்கள் பக்கம் தரையில் உட்கார்ந்து, கோயில் என்பதால் முக்காடு போட்டுக்கொண்டு, மெதுவாகச் சொல்லிப் பழகினேன். மழை பெய்தால் கிணறு நிறையும். நான் பறவையாக இருந்தால் பறந்து போவேன். நேற்று வண்டி வந்திருந்தால் நான் போயிருப்பேன். ஒவ்வொன்றையும் வேகமாக, நாக்கு பழகும்வரை, கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

ஒருநாள் பறவை வாக்கியத்தை முடித்தேனோ இல்லையோ, முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

“ஆமென்.”

தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தெருக் கோடியில் இருக்கும் சின்னம்மா. முழங்காலில் நின்று கை குவித்திருந்தாள். அவளுடைய ஒரே மகன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போயிருந்தான். வெகு நாளாய்ச் சேதி இல்லை.

“சொல்லும்மா, நிறுத்தாத. லத்தீன் செபம் காதுல விழுந்தாலே எம் மவனுக்கு நல்லதுதான.”

“இது செபம் இல்ல சின்னம்மா. இங்கிலீஷ் பாடம்.”

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கள்ளி, எனக்குத் தெரியாதா என்பதுபோல் சிரித்தாள்.

எங்கள் ஊரில் பூசை முழுவதும் லத்தீன். ஒரு எழுத்துக்கூட அர்த்தம் தெரியாமல், புரியாத இடத்தில்தான் ஆண்டவர் நெருக்கமாக இருக்கிறார் என்று முழங்காலில் நிற்பவர்கள் நாங்கள். முக்காடு போட்ட பெண், மாதா சுரூபத்துக்கு எதிரில் கண்ணை மூடிக்கொண்டு, புரியாத பாஷையில் முணுமுணுத்தால் அது வேறு என்னவாக இருக்கும்? மறுநாள் சின்னம்மாவோடு மூன்று பெண்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பிறகு உபதேசியார் வந்தார். சாமியார் இல்லாத ஞாயிறுகளில் செபம் சொல்லிக் கொடுப்பவர். பூசைக்குப் பதில் சொல்லும் லத்தீனைக் கிளிப்பிள்ளைபோல் மனப்பாடமாக வைத்திருப்பவர். வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டார்.

“நம்ம பூசையில வராத லத்தீன் இது. ரோமாபுரியில இப்புடித்தான் பேசுவாங்க” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

நான் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். இங்கிலீஷ், இங்கிலீஷ் என்று அழாத குறையாகச் சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் மோசமாயிற்று. “பாத்தியா, மறைக்கிறா! புண்ணியவதிங்க அப்படித்தான், வெளிய சொல்ல மாட்டாங்க” என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் கிசுகிசுத்தாள்.

இதைச் சிரிக்கத்தான் எழுதத் தொடங்கினேன். ஆனால் அந்த வெயில்காலத்தை நினைத்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. நான் போனால் கிணற்றடியில் பேச்சு நிற்கும். எனக்கு முதலில் வாளியைக் கொடுத்துவிட்டு எல்லோரும் ஒதுங்கி நிற்பார்கள். மாமியாரைத் திட்டுவதும் புருஷனைக் கேலி செய்வதும் நான் குடத்தோடு தெருமுனை திரும்பிய பிறகுதான் மறுபடி கேட்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நானே போய் இடுப்பில் கிள்ளினேன். அவள் சிரிக்கவில்லை.

“என்னாங்க இது” என்றாள்.

“ஏண்டி, எனக்கா ‘ங்க’ போடுற?”

“எங்க மாமியாருதான் சொன்னாங்க. உங்ககிட்ட மரியாதையா பேசணுமாம்.”

பேசிப் பழக ஆளில்லாமல் கோயிலுக்குப் போனவள் நான். இப்போது தமிழில் பேசவும் ஆளில்லை. கோயிலில் மட்டும் கூட்டம்! நான் ஒரு வரி சொன்னால் ஆறேழு தொண்டை ஆமென் சொல்லும். தப்பாகச் சொல்லித் திருத்திச் சொன்னால் இரண்டுக்கும் ஆமென்.

இவ்வளவும் போகட்டும். பெரம்பலூர்ச் சந்தைக்குப் போய்த் திரும்பிய அப்பா, ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் அப்படிக் கூப்பிட்டுப் பேசுகிறவர் இல்லை.

“ஊரே சொல்லுது. உனக்கு தேவ அழைத்தல் இருக்குன்னு. ஒரு புள்ளையக் கோயிலுக்குக் குடுத்தா அந்தக் குடும்பத்துக்கே ஆசீர்வாதம். இந்த மாசம் சாமி வரும்போது, உன்னக் கன்னியர் மடத்துல சேத்துக்கச் சொல்லிக் கேக்கப் போறேன்.”

“நான் டீச்சராவப் போறேம்ப்பா.”

“மடத்துலயும் டீச்சரு இருக்காங்கல்ல?”

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஆசையோடு போகிறவர்களுக்கு மடம் நல்லதுதான். எனக்கு அந்த ஆசை இல்லை. எனக்கு வேண்டியது ஒரு கரும்பலகை, ஒரு வகுப்பு, சம்பளம், திருச்சி. நான் சொல்வது இங்கிலீஷ்தான் என்று ஊருக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் சாமியார். அவர் வரும் ஞாயிறுக்காகக் காத்துக் கிடந்தேன்.

அவரும் வந்தார். பூசை முடிந்து, கோயில் வாசலில் வேப்பமரத்து நிழலில் வண்டிக்காக நின்றிருந்தார். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். சாமியார் புருவத்தை உயர்த்தினார்.

“லத்தீனா? இவளா? எங்க, ஒண்ணு சொல்லும்மா கேப்போம்.”

ஊரே சுற்றி நின்றது. எத்தனையோ வாக்கியம் பழகியிருக்கிறேன், ஒன்றும் வரவில்லை. கடைசியில் முதல் பாடத்து வாக்கியம்தான் வந்தது.

“இஃப் இட் ரெயின்ஸ், த வெல் வில் ஃபில்.”

சாமியார் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“அட, இது இங்கிலீஷ்யா! மழ பேஞ்சா கெணறு நெறையும்னு சொல்லுது பொண்ணு!”

கூட்டம் உபதேசியாரைத் திரும்பிப் பார்த்தது. பிறகு யாரோ ஒரு பெரியவர், “பெய்யட்டுமே சாமி, நல்ல விஷயந்தான!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உபதேசியார் மணிக்கயிற்றைச் சரிசெய்வதுபோல் உள்ளே போய்விட்டார்.

“மடத்துக்குப் போறியா, ட்ரெயினிங்குக்குப் போறியா? நீயே சொல்லு” என்றார் சாமியார்.

“ட்ரெயினிங்குக்கு சாமி.” அவர் கேட்டு முடிக்குமுன் சொல்லிவிட்டேன். அப்பா கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார், என்னைப் பார்க்கவில்லை. “அப்ப அங்கயே அனுப்புய்யா. அழைத்தல நாம உண்டாக்க முடியாது” என்று அவரிடம் சொல்லிவிட்டு சாமியார் வண்டி ஏறினார்.

எனக்குக் குதிக்கவேண்டும்போல் இருந்தது. திரும்பினால் சின்னம்மா நின்றிருந்தாள். அவள் மட்டும் சிரித்திருக்கவில்லை.

“எம் மவனுக்கு அதுல ஒண்ணுமே இல்லியா?”

“சின்னம்மா, நான் அன்னிக்கே சொன்னேன்...”

“சொன்ன. நாந்தான் கேக்கல.” கொஞ்சம் யோசித்தாள். “இத்தன நாளும் கெணத்துக்கும் மழைக்குமா ஆமென் சொன்னேன்?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் முக்காட்டை எடுத்துத் தோளில் விட்டுக்கொண்டு வெயிலில் நடந்து போனாள்.

அதற்குப் பிறகு மத்தியானத்தில் கோயில் எனக்கே எனக்கு. மூன்று வகையும் தடுமாறாமல் வந்தது. கிணற்றடியில் எனக்காக ஒதுங்குவது நின்றது. ஆனால் பேச்சுக்கு என்னை யாரும் இழுக்கவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் ‘டி’யும் போடாமல் ‘ங்க’வும் போடாமல் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனாள். சின்னம்மா வீட்டைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே போக நினைப்பேன். கதவு திறந்துதான் இருக்கும். நான் போகவில்லை.

ஜூனில் மதர் கேட்ட எல்லாவற்றுக்கும் முழு வாக்கியமாகப் பதில் சொன்னேன். இடம் கிடைத்தது. இதை ஹாஸ்டலில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே பக்கத்துக் கட்டிலில் இருப்பவளுக்கும் எதிர்க் கட்டிலில் இருப்பவளுக்கும் என்னைவிட நல்ல இங்கிலீஷ் தெரியும்; பேச எனக்குத்தான் ஒன்றும் தோன்றுவதில்லை.

சண்டை முடிந்துவிட்டது என்று பேப்பரில் போட்ட அன்று ஹாஸ்டல் முழுக்க மிட்டாய் கொடுத்தார்கள். அந்த மகன் வந்தானா என்று எனக்குத் தெரியாது. பார்க்க வந்த அப்பாவிடம் கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போகிறேன். பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு முதலில் அந்தத் தெருக் கோடிக்குத்தான் போகவேண்டும். வாசலில் நின்று சின்னம்மா என்று கூப்பிடுவேன், அதுவரைக்கும் தெரிகிறது.