மாமா போன் பேசிய கதை

கல்லூரியில் ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? அது நடந்தபோது அவர் எங்கே இருந்தார்? எவ்வளவு பெரிய ஆராய்ச்சிக்கும் தொடக்கம் இதுதான் என்பேன். பிள்ளைகள் பவ்யமாக எழுதிக்கொள்வார்கள். இதே மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு ஏழாம் வகுப்பில் நான் எங்கள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிப்போட்ட கதையை மட்டும் அவர்களிடம் சொன்னதில்லை.

நாங்கள் தூத்துக்குடியில் திரேஸ்புரத்துக்காரர்கள். அப்பா சங்கு குளிப்பவர். முத்துக் குளித்த பெருமையெல்லாம் ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதே தவிர, என் அப்பா கடலுக்குள் ஒரு முத்தைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. படகில் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வரும் டியூபை வாயில் கவ்விக்கொண்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி, அடியில் சங்கு பொறுக்குவார். கயிற்றின் மறுமுனை மேலே ஒருவர் கையில் இருக்கும். அடியில் அதிக நேரம் இருந்தால் உடம்பு முடங்கிவிடும் என்பதால், நேரமானதும் அவர் கயிற்றை இழுத்துச் சொல்ல வேண்டும்; கீழே இருப்பவர் மெல்ல ஏறி வந்துவிட வேண்டும். அந்தக் கயிற்றைப் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் கையில் கொடுப்பதுதான் முத்துக் குளித்த காலத்திலிருந்து வருகிற வழக்கம். தன் அக்காள் தாலியறுப்பதற்கு எந்தத் தம்பியும் சம்மதிக்க மாட்டான் என்கிற தைரியம். அப்பாவின் கயிற்றைப் பிடித்தவர் என் தாய்மாமா.

டியூப் கயிற்றைவிட நீளமானது. கயிற்றை அவிழ்த்துவிட்டால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பொறுக்கலாம். அப்படிப் போன ஒருவரை எங்கள் தெருவுக்குப் பிணமாகத்தான் தூக்கி வந்தார்கள். அன்றைக்கு அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய் அப்பாவின் முன்னால் நிறுத்தி, என் தலையில் அவர் கையை வைக்கச் செய்து, கயிற்றை அவிழ்க்கவே மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். எனக்கு அப்போது எட்டு வயது. அவ்வளவு பெரிய காரியத்துக்கு என் தலை பயன்பட்டதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது அந்த விபத்து நடந்தது. நேரம் கடந்து அடியிலேயே இருந்துவிட்ட அப்பாவை அரை மயக்கத்தில் தூக்கி வந்தார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் இடது கால் விளங்காமல் போயிற்று. சங்கைக் கழுவிச் சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் உட்கார்ந்து செய்கிற வேலைக்குப் போக ஆரம்பித்தார். நடந்தது என்னவென்று ஊருக்கே தெரியும். மாமா மேலே நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். கயிற்றை இழுக்க மறந்துவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அம்மா தன் தம்பியைப் பார்த்து, "இனி என் வாசல மிதிக்காத" என்று சொல்லிவிட்டாள். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அந்தக் கதை தெருவில் நன்றாக வளர்ந்தது. முதல் மாதம் மாமா யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். இரண்டாம் மாதம் அது ஒரு பெண் ஆனது. பிறகு அந்தப் பெண் நாகர்கோவிலில் நர்ஸ் ஆனாள். மாமா சிரித்துச் சிரித்துப் பேசினார் என்பது கடைசியாக வந்து சேர்ந்தது. மறுபடி சங்குக்குப் போகிற மாதம் வந்தபோது, எந்தப் படகிலும் அவர் கையில் கயிற்றைக் கொடுக்க ஆளில்லை. சொந்த அத்தானையே கைவிட்டவன் யாரைக் காப்பாற்றுவான்? உப்பளத்தில் மூட்டை தூக்கிப் பார்த்தார். கடைசியில் கொல்லத்தில் ஏதோ விசைப்படகில் வேலை பேசி, வரும் திங்கட்கிழமை கிளம்புவதாகக் கேள்விப்பட்டேன். போனால் திரும்ப மாட்டார் என்று அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, திருப்தியோடு சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்கு மக்ரூன் பொட்டலம் வாங்கி வந்தவர் மாமா. நான் போர்வைக்குள் முகத்தை வைத்து அழுதேன்.

அந்த வருடம் எங்களுக்கு வரலாறு எடுக்க ஒரு புது டீச்சர் வந்திருந்தார். பாடப் புத்தகத்தில் இருக்கும் கேள்விக்கு விடை எழுதினால் அவருக்குப் போதாது. கரும்பலகையில் அந்த மூன்று கேள்விகளை எழுதி, எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். "தெருவில எல்லாரும் நம்புற ஒண்ண எடுத்துக்கோங்க. அத பொய்னு காட்ட வேண்டாம், உண்மைன்னும் காட்ட வேண்டாம். யார் வாயிலருந்து கிளம்புச்சுன்னு மட்டும் தேடிக்கிட்டு வாங்க" என்றார். ஒருத்தி உப்பளத்துப் பம்பு அறையில் இருக்கும் பேயை எடுத்துக்கொண்டாள். ஒருவன் ஊரில் முதன்முதலில் மக்ரூன் போட்ட கடை எது என்று விசாரிக்கப் போய், கடைகடையாகத் தின்று வயிற்று வலியோடு வந்தான். இன்னொருவன் இதே கேள்விகளை வேதபாட வகுப்பில் கேட்டுவைக்க, தலைமையாசிரியை டீச்சரைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினார். டீச்சர் சிவந்த முகத்தோடு திரும்பி வந்து, அதே மூன்று கேள்விகளை முன்னைவிடப் பெரிதாக எழுதினார்.

நான் மாமா போன் பேசிய கதையை எடுத்துக்கொண்டேன். டீச்சர் என் நோட்டைப் பார்த்துவிட்டு, "விடை என்னவா இருக்கணும்னு நீ முன்னாடியே முடிவு பண்ணிட்ட போல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் விரும்பாதது வந்தாலும் அதையும் எழுதுவேனா என்று கேட்டார். எழுதுவேன் என்றேன். எழுதித்தான் தீர வேண்டும் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். மாமா உண்மையாகவே போன் பேசியிருந்தால் என்ன செய்வது என்ற பயம் மட்டும் போகவில்லை.

ஐந்து நாள் அலைந்தேன். மீன்காரம்மாவிடம் கேட்டேன், எதிர்வீட்டில் கேட்டதாகச் சொன்னாள். எதிர்வீட்டுக்கு அத்தை சொன்னாளாம். நர்ஸ் விஷயமும் அத்தை வழியாகத்தான் வந்திருந்தது. அவளுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டதற்குத் துடைப்பத்தை எடுத்தாள். மொத்தம் பதினோரு பேர். ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று அம்புக்குறி போட்டேன். அந்தப் படகில் அப்பாவோடு இறங்கிய இன்னொருவரும் அப்போது தண்ணீருக்குள் இருந்தாராம். அவர் கயிற்றைப் பிடித்திருந்த படகுக்கார அண்ணாச்சியாவது பார்த்திருப்பார் என்று நம்பிப் போனேன்.

"நான் கம்ப்ரசர் பக்கம் திரும்பி உக்காந்திருந்தேன் ளா. திடுதிப்புனு அவன் தண்ணில குதிச்ச சத்தந்தான் கேட்டுச்சு" என்றார்.

"அப்ப மாமா போன் பேசுனத நீங்க பாக்கலயா?"

"பாக்கல."

"பொறவு எல்லார்ட்டயும் சொன்னியளே?"

அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "கரைக்கு வந்த பொறவு எல்லாரும் சொன்னாக. நானும் சொன்னேன்" என்றார். படகிலேயே இருந்த மனிதருக்கும் விஷயம் கரையில்தான் தெரிந்திருக்கிறது. அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

மாமாவிடமும் போனேன். உப்பளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு அறையில் இருந்தார். பை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தது. நான் கேட்டதற்கு, "படிக்கிற வேலையப் பாரு மருமவளே" என்று சொல்லி, எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார். மறுநாள் டீச்சரிடம், பேசாமல் இருந்தால் தப்பை ஒத்துக்கொண்டதாக எழுதலாமா என்று கேட்டேன். "பேசாம இருக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கும். அது தெரியுற வரைக்கும் அந்த இடத்த காலியா விடு" என்றார். விட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நோட்டை விரித்து அம்புக்குறிகளை ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன். பதினோரு பேரும் அத்தையில் வந்து முடிந்தார்கள். அத்தைக்குச் சொன்னது அம்மா. அம்மாவுக்குச் சொன்னது அப்பா. அதற்குமேல் அம்புக்குறி போகவில்லை. ஊரே சாட்சி என்று நினைத்திருந்தேன். இருந்தது ஒரே ஒரு சாட்சி. அந்தப் பெயருக்கு நேராக மூன்றாம் கேள்வியை எழுதினேன். அது நடந்தபோது அவர் எங்கே இருந்தார்? விடை எனக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். மறுநாள் மாமா கிளம்பிவிடுவார். சீலா மீன் குழம்பு. அப்பா நல்ல சந்தோஷத்தில் இருந்தார். பள்ளிக்கூடத்தில் ஏதோ பெரிதாக எழுதிக்கொண்டிருக்கிறேனாமே, படித்துக் காட்டு என்றார். நான் நோட்டை எடுத்து வந்து, மீன்காரம்மாவிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பெயராகப் படித்தேன். அத்தை வந்த இடத்தில் அவர் சிரிக்கக்கூடச் செய்தார். அம்மாவின் பெயர் வந்தபோது சிரிப்பு நின்றது.

"அப்பா, நீங்க அப்ப கடலுக்கு அடியிலல்லா இருந்திய? மேல மாமா போன் பேசுனத எப்படிப் பாத்திய?"

அம்மா அகப்பைக் காம்பால் என் முதுகில் ஒன்று வைத்தாள். "அப்பாவயா ளா கேள்வி கேக்க? கால் போயி உக்காந்திருக்க மனுசன!"

வலித்தது. அழுகையும் வந்தது. ஆனால் நோட்டை மூடவில்லை. அன்றைக்கு மூடியிருந்தால் பிறகு எந்த நோட்டையும் நான் திறந்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். அழுதுகொண்டே அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டேன்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு கையை உதறினார்.

"அவன் போன் பேசல. கயித்த நாந்தான் அவுத்தேன். கொஞ்சம் தள்ளி நல்ல சங்கா கெடந்துச்சு. பாறையில கட்டிப் போட்டுட்டுப் போனேன். அவன் மேல நின்னு இழுத்திருக்கான், பாறைய. வரலன்னதும் குதிச்சு வந்து என்னத் தூக்குனான்."

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், கயிறு பிடித்தவன் என்ன செய்தான் என்று அம்மா கேட்டிருக்கிறாள். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாராம். பக்கத்தில் நின்ற மாமா அதை மறுக்கவில்லை. ஒரு நாள் கழித்து உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று அப்பா நினைத்தாராம். அதற்குள் கதை தெருவுக்குப் போய்விட்டது.

அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அப்பாவை அவள் பார்க்கவே இல்லை. என் தலையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கை கழுவி, சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, வெயிலில் இறங்கி நடந்தாள். சாயங்காலம் மாமாவையும் அவர் பையையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். உண்மையிலேயே ஜெயித்தும்விட்டேன். அத்தை வெட்கமில்லாமல் புதுக் கதையையும் தெரு முழுக்கப் பரப்பினாள். அண்ணாச்சி ஆள் அனுப்பினார். மாமா கொல்லத்துக்குப் போகவில்லை; அந்த வாரமே மறுபடி படகேறிக் கயிறு பிடித்தார். டீச்சர் என் நோட்டை வகுப்புக்கே படித்துக் காட்டினார். ஆனால் அம்மா அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டை வைப்பாள், எண்ணெய் காய்ச்சிக் காலில் தேய்ப்பாள், வாய் மட்டும் திறக்க மாட்டாள். கிறிஸ்துமஸ் வந்து போயிற்று, ஈஸ்டரும் போயிற்று. அப்பா சொல்ல வேண்டியதெல்லாம் என் வழியாகத்தான் சொன்னார்.

இதில் எனக்குக் கோபம் மாமா மேல்தான். அவர் எனக்கு நன்றி சொல்வார் என்று, அவர் திரும்பி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காத்திருந்தேன். மக்ரூன் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு, "ஒன்ன யாரு ளா கேக்கச் சொன்னா?" என்றார். ஏன் இத்தனை மாதம் வாயைத் திறக்கவில்லை என்று நானும் விடாமல் கேட்டேன். நோட்டில் அந்த இடம் இன்னும் காலியாக இருந்ததே.

"அக்காளுக்கு அன்னைக்கு யாரு மேலயாவது கோவப்பட வேண்டி இருந்துச்சு. நானுன்னா வெளியில போயிருவேன். அத்தான் கூடல்லா அவ இருக்கணும்" என்றார்.

அதையும் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டேன். யார் சொன்னது? மாமா. அவருக்கு எப்படித் தெரியும்? அவர் விஷயம், அவருக்குத் தெரியும். அது நடந்தபோது அவர் எங்கே இருந்தார்? படகில், என்று எழுதி, அழுத்தமாகக் கோடு போட்டு நோட்டை மூடினேன்.

இன்றைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் செய்வேன். கேட்காமல் விட்டிருந்தால் ஒரு மனிதரின் வாழ்க்கை கொல்லத்தில் தொலைந்து போயிருக்கும். ஆனால் படகில் என்று எழுதிய அந்தக் கடைசி விடை தப்பு. கரையேறிய பிறகும் அத்தனை மாதமும் மாமா கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார், அதன் மறுமுனையில் அப்பா மட்டுமல்ல, அம்மாவும் இருந்தாள் என்பது அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியவில்லை.