மாரியம்மனுக்கு விட்ட சேவல்

பிள்ளைகளே, உங்கள் அம்மா சிக்குன்குனியா காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தபோது நீங்கள் சின்னவர்கள். தோட்டத்து கேரட், பீன்ஸ் போட்டு நான் சூப் வைத்தேன். பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா எட்டிப் பார்த்தார்.

"சூப்பா தம்பி இது? கழனித்தண்ணி!" என்றவர், தான் வளர்த்த சேவலை அறுத்துக் கொண்டுவந்தார்.

லாரி ஓட்டப் போய்க் காணாமல்போன மகன் திரும்பினால் மாரியம்மனுக்குத் தருவதாக அவர் நேர்ந்துவிட்ட சேவல் அது.

"அக்கா, சாமிக்கு விட்டதாச்சே!"

"ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ மிளகு தட்டிப் போடு."

அந்தச் சூப்பில்தான் அம்மா தேறினாள். அக்காவின் மகன் வரவேயில்லை. லாரிச் சத்தம் கேட்டால் அக்கா வாசலுக்கு வருவார். அவன் வரவை நாம் குடித்துவிட்டோமோ என்று எனக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து தனியாக, மாநில எல்லையில் இருக்கும் ஜூஜுவாடி செக்போஸ்டுக்குப் போனேன். வரிசையாக நின்ற லாரிகளில் ஒவ்வொரு டிரைவரிடமும் அவன் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டே கடைசி லாரிவரை நடந்தேன்.